மேற்கு டெக்சஸில் ஒரு மரணம்: கவுண்டியில் யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது

என் சித்தி மகன் மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் விடுமுறையில் நண்பர்களோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கார் உருண்டு இறந்துபோனான். எம்.எஸ். முடிக்க ஒரு செமஸ்டர்தான் பாக்கி. இந்த நாட்டில் அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் நான்தான். செய்தி வந்ததிலிருந்து உடலை ஊருக்கு அனுப்பி வைக்கும்வரை அத்தனைக்கும் நான்தான் அலைந்தேன். ஹூஸ்டன், டாலஸ் மாதிரிப் பெரிய ஊர்களில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று சொல்ல நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்தில் ஒருவருக்குப் போன் போட்டால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடந்தால் கதையே வேறு. எந்த அலுவலகம் எதற்குப் பொறுப்பு, யார் உத்தரவு கொடுத்தால் உடல் நகரும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று அப்போது எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். யாருக்கும் இது தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் கையில் இருக்கட்டும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கஷ்டம் அந்த நிலப்பரப்பிலேயே இருக்கிறது. டெக்சஸில் 254 கவுண்டிகள். அதில் பரப்பளவில் பெரியது ப்ரூஸ்டர் கவுண்டி, 6,192 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும் பரப்பு. அவ்வளவு இடத்தில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வசித்தவர்கள் 9,546 பேர். அதிலும் ஆறாயிரம் பேர் தலைநகரான ஆல்பைனிலேயே இருக்கிறார்கள். 1887-இல் பிரெசிடியோ கவுண்டியிலிருந்து பிரித்து உண்டாக்கி, பத்து வருடம் கழித்துப் பக்கத்திலிருந்த புக்கெல், ஃபோலி என்ற இரண்டு கவுண்டிகளையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் இந்த அளவு. தெற்கே ரியோ கிராண்டே ஆறு, அந்தப் பக்கம் மெக்சிகோ. ஆல்பைனிலிருந்து தெற்கே போகும் 118-ஆம் நம்பர் சாலையில் ஸ்டடி பியூட், டெர்லிங்குவா வருவதற்குள் எண்பது மைல். இடையில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, பெரும்பாலான இடத்தில் போனில் சிக்னலும் கிடையாது. விபத்து நடந்தது அந்தச் சாலையில்தான். பின்னால் வந்த யாரோ பார்த்து, சிக்னல் கிடைக்கும் இடம் வரைக்கும் ஓட்டிப்போய்த்தான் 911 என்ற அவசர நம்பருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

காரில் நான்கு பேர். தம்பி பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான், பெல்ட் போடவில்லை. பெல்ட் போட்டிருந்த மூன்று பேரும் அடிபட்டுப் பிழைத்தார்கள். டெக்சஸில் பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009-லிருந்தே சட்டம். சட்டம் கிடக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். நம் பையன்கள் முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் பெல்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தகவல் சொன்னது அவனுடைய அறைத்தோழன். இரவு பத்தரை இருக்கும், ஊரில் காலை ஒன்பது. சித்திக்கு எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதலில் ஊரில் பக்குவமான ஒருவரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பி, அவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். என் மாமா வண்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகுதான் நான் பேசினேன். அதற்குள் நண்பர்கள் குழுவில் யாராவது எதையாவது போட்டுவிடுவார்களோ என்று உயிர் துடித்தது. அவன் வகுப்புப் பையன்களிடம் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன், அவர்களும் காப்பாற்றினார்கள்.

விடிவதற்குள் கிளம்பினேன். கணவர் குழந்தைகளோடு வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஆஸ்டின் பக்கத்திலிருந்து ஆல்பைன் நானூறு மைல், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். போகிற வழியிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கு ஊர்ப் பழக்கம்தான் தெரியும். விபத்து என்றால் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் அரசு மருத்துவமனை, போஸ்ட்மார்ட்டம், உடலை வாங்குவது. அதனால் கவுண்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறிப் போன் செய்தேன். மருத்துவமனையில் அப்படி யாரும் இங்கே வரவில்லை என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் நெடுஞ்சாலை விபத்து மாநில போலீஸான டி.பி.எஸ். பார்ப்பது என்றார்கள். இரண்டுமே உண்மைதான். எனக்குத் தெரிய வேண்டியிருந்த பதில் வேறு இடத்தில் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். டெக்சஸில் ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெரிய நகரங்கள் இருக்கும் ஒரு சில கவுண்டிகளில்தான் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற மருத்துவர் அலுவலகம் உண்டு. மீதி இருக்கும் கிராமப்புறக் கவுண்டிகளில் எல்லாம் இயற்கையல்லாத மரணத்தை விசாரிக்கும் பொறுப்பு ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்பவருடையது. எல்லோரும் ஜே.பி. என்றுதான் சொல்கிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நீதிபதி. மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, வக்கீலாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அதே ஆள்தான் வேக வரம்பு மீறிய வழக்குகளையும் வீட்டு வாடகைத் தகராறுகளையும் இருபதாயிரம் டாலர் வரையிலான சிறு வழக்குகளையும் பார்க்கிறார், கல்யாணமும் செய்து வைக்கிறார். இறப்பை உறுதி செய்வது, காரணத்தை எழுதுவது, போஸ்ட்மார்ட்டம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது, உடல் எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போடுவது எல்லாம் அவர்தான். ஆகவே இப்படி ஒரு கவுண்டியில் ஏதாவது நடந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த மரணத்தை விசாரிக்கும் ஜே.பி. யார், எந்த பிரிசிங்க்ட்?" பிரிசிங்க்ட் என்பது கவுண்டியின் உட்பிரிவு. ஒரே கவுண்டியில் பிரிசிங்க்ட் வாரியாக வேறு வேறு ஜே.பி. இருப்பார்கள். உடல் கிடந்த இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அவர்தான் விசாரிப்பார். அவர் கிடைக்காவிட்டால் பக்கத்து ஜே.பி.யோ கவுண்டி ஜட்ஜோ பார்க்கலாம். ஷெரிஃப் அலுவலக டிஸ்பாட்சில் (அழைப்புகளை வாங்கும் பிரிவில்) இதைக் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள். நான் கேட்ட விதத்தில்தான் அவர்களால் சொல்ல முடியாமல் இருந்தது.

கவுண்டி ஜட்ஜ் என்ற பெயரும் குழப்பும். தெரிந்தவர் ஒருவர் நல்ல மனதோடு "கவுண்டி ஜட்ஜைப் பார், அவர்தான் எல்லாம்" என்றார். கவுண்டி ஜட்ஜ் என்பவர் உண்மையில் நிர்வாகத் தலைவர். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்ததுதான் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில்தான் கோர்ட், வேலை முழுக்க பட்ஜெட், சாலை, வரி. நம் ஊரில் மாவட்டப் பஞ்சாயத்தும் கலெக்டர் அலுவலகமும் பார்க்கிற வேலையில் ஒரு பங்கை இவர்கள் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு இவர்களிடம் நேரடி வேலை இல்லை. ஆனால் ஜே.பி. உத்தரவு போட்டுச் செய்கிற போஸ்ட்மார்ட்டத்துக்கான செலவு கவுண்டி கணக்கில்தான் போகிறது, குடும்பத்தின் தலையில் வராது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் என்னிடம் ஒருவர் அதற்கும் சேர்த்துக் காசு கேட்டார், பின்னால் சொல்கிறேன்.

ஆல்பைன் கோர்ட்ஹவுஸ் 1887-88-இல் கட்டிய செங்கல் கட்டடம், சுற்றிலும் புல்வெளி. வேறொரு சமயமாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். இந்த மாதிரிச் சின்னக் கவுண்டிகளில் ஜே.பி. அலுவலகம் கோர்ட்ஹவுஸுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறு கட்டடத்தில் இருக்கலாம், எண்பது மைல் தள்ளி இன்னொரு ஊரிலும் இருக்கலாம். போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுகிற வழக்கமும் நிறையச் சின்ன ஊர்களில் உண்டு. ஒரு விஷயம் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. பெரிய நகரத்தில் ஒரு அதிகாரியிடம் பேச எத்தனை நம்பரை அழுத்த வேண்டியிருக்கும்! இங்கே ஜே.பி.யே போனை எடுத்தார். முதலில் வருத்தம் தெரிவித்தார். அப்புறம் நான் அவனுக்கு என்ன உறவு, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா, கல்யாணமானவனா என்று கேட்டார். உங்கள் மத வழக்கத்தில் எத்தனை நாளுக்குள் தகனம் செய்ய வேண்டும் என்றும் கேட்டார். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் கொடுக்க முடியுமா என்று சித்தப்பா சார்பில் கேட்டேன். குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வேன், ஆனால் முடிவு சட்டப்படி என்னுடையது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உடல் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற நகரத்துக்குப் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போனது. அதை சித்தியிடம் சொல்வது எனக்கு மரணச் செய்தியைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. "எம்புள்ளைய அறுக்க வேண்டாம்னு சொல்லு சாமி" என்று அழுதபோது என்னிடம் பதில் இல்லை. இதில் போராடிப் பயனில்லை. கேட்டுப் பாருங்கள், மறுத்தால் ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தாமதமானால் அதுவும் அவர்களுக்குத்தான் வலி.

அடுத்தது கையெழுத்துப் பிரச்சினை. அக்கா முறை என்றாலும் சட்டத்தின் முன் நான் யாருமில்லை. உடல் யார் பொறுப்பு என்பதற்கு டெக்சஸ் சட்டத்தில் வரிசை உண்டு: கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளைகள், பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், அப்புறம்தான் மற்றவர்கள். கல்யாணமாகாத பையன் என்றால் அம்மா அப்பா. அவர்கள் ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். உடலைப் பெற்றுக்கொள்ளவும், எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) செய்யவும், இந்தியாவுக்கு அனுப்பவும் எனக்கு அதிகாரம் கொடுப்பதாக இருவரும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையோடு, ஆதாரும் பாஸ்போர்ட் நகலும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. முதல் கடிதத்தில் அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார், இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனமான ஃப்யூனரல் ஹோமில் இருவரும் வேண்டும் என்றார்கள். அதற்குள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நோட்டரியை வீட்டிலிருந்து அழைத்து வர மாமா பட்ட பாடு தனிக்கதை. செய்தி தெரிந்த அன்றைக்கே இந்தக் கடித வேலையை ஊரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பெற்றோரின் பெயர்கள் பையனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற மாதிரியே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். இங்கேயே தகனம் செய்து அஸ்தியை மட்டும் கொண்டுபோவது என்று முடிவெடுத்தாலும் இதே கையெழுத்து வேண்டும். டெக்சஸில் இறந்து 48 மணி நேரம் ஆன பிறகுதான் தகனம் செய்யலாம், விசாரணையில் இருக்கும் உடல் என்றால் ஜே.பி.யின் அனுமதியும் வேண்டும். செலவு பல மடங்கு குறையும் என்பதால் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சித்தி முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார், அதனால் எங்களுக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

இப்போது பணம். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வழக்கமாக ஒரு ஃப்யூனரல் ஹோம்தான் வந்து எடுக்கும். விமானத்தில் அனுப்புவதும் அவர்கள் மூலமாகத்தான். சரக்கு விமான விதிப்படி ஏற்கெனவே பதிவான நிறுவனம்தான் சவப்பெட்டியை ஒப்படைக்க முடியும். அந்த மனநிலையில் இணையத்தில் தேடிக் கிடைத்த, பெரிய நகரம் ஒன்றில் இருக்கும் ஃப்யூனரல் ஹோமைக் கூப்பிட்டேன். பதினேழாயிரம் டாலர் ஆகும், 3,500 முன்பணம் கட்டினால் உடனே வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அனுப்பிய பில்லில் போஸ்ட்மார்ட்டக் கட்டணம் என்று ஒரு வரியும் இருந்தது. இந்தியாவுக்கு அனுப்ப விலை உயர்ந்த உலோகப் பெட்டி கட்டாயம் என்றும் எழுதியிருந்தார்கள். மறுநாள் காலை அவன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, அவன் எடுத்திருந்த மாணவர் மருத்துவக் காப்பீட்டிலேயே உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவும் அடக்கம் என்றார்கள். அதில் ஒரு நிபந்தனை. காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையம் தானே ஏற்பாடு செய்தால்தான் பணம் கொடுப்பார்கள், நாமாகச் செய்துவிட்டு ரசீது நீட்டினால் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கே முதல் இடத்தை நிறுத்தினேன். முன்பணத்தில் 2,000 டாலரை வாங்க மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது, மீதி 1,500 போனது போனதுதான்.

உதவி மையம் ஏற்பாடு செய்த வேறொரு ஃப்யூனரல் ஹோம் அதே வேலையை, விமானச் சரக்குக் கட்டணத்தோடு சேர்த்து, 11,000 டாலருக்குச் சற்று மேல் முடித்துக் கொடுத்தது. அதைக் காப்பீடே கட்டியது. ஆகவே எந்த ஃப்யூனரல் ஹோமுக்கும் போன் செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கும், காப்பீட்டு அட்டையின் பின்னால் இருக்கிற நம்பருக்கும் பேசுங்கள். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர்களுக்கு 25,000 டாலர் வரை இந்தச் செலவுக்கான காப்பீடு விதிப்படியே இருக்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத் திட்டத்தில் பெரும்பாலும் இருக்கும். பணம் மிச்சம் பிடிக்க வெளியில் மலிவாக எடுக்கிற பிள்ளைகள் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். காப்பீடு இல்லாவிட்டால் ஹூஸ்டனில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதியைப் பற்றிக் கேளுங்கள், உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்கு அதிலிருந்து உதவுகிறார்கள். ஃப்யூனரல் ரூல் என்று 1984-லிருந்து ஒரு மத்திய விதி இருக்கிறது. அதன்படி எந்த ஃப்யூனரல் ஹோமும் போனில் கேட்டாலே விலை சொல்ல வேண்டும், நேரில் போனால் வேலை வாரியாக விலைப் பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த விதியே வந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைத் தேடிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. தூதரகம் உடலை அனுப்ப ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டுமானால் இறந்தவரின் அசல் பாஸ்போர்ட்டை ரத்து செய்தாக வேண்டும். அது அவன் அறையில் இருக்கும் என்று அறைத்தோழன் புரட்டிப் புரட்டித் தேடினான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆல்பைனுக்குத் தெற்கே 118-இல் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. பிக் பெண்டிலிருந்து வடக்கே வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். அதற்காகப் பையன்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்படியானால் அது நசுங்கிய காருக்குள். கார் இழுவை வண்டிக்காரரின் யார்டில், அதாவது வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்தில். அங்கே போனால் காரின் சொந்தக்காரர் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். சொந்தக்காரப் பையன் ஹெலிகாப்டரில் கொண்டுபோகப்பட்டு வேறு ஊர் மருத்துவமனையில் படுத்திருந்தான். வாடகை மட்டும் தினம் ஏறிக்கொண்டிருந்தது. விபத்தை விசாரித்த மாநில போலீஸ்காரருக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். அவர் யார்டில் பேசினார். மருத்துவமனையிலிருந்து அந்தப் பையன் போனிலேயே கையெழுத்துப் போட்டு ஒரு அனுமதி அனுப்பினான். பின் சீட்டின் கீழே, கண்ணாடித் தூளுக்கு நடுவில், அவனுடைய பை இருந்தது. பாஸ்போர்ட், போன், பாதி காலியான பருப்புப் பொடி டப்பா. சித்தி திரித்துக் கொடுத்தது, மூடியில் அவர் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யார்டுக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். வாடகையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை, 900 டாலருக்கு மேல் கட்டித்தான் அந்தக் கணக்கு முடிந்தது.

விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து பொருட்களை எடுப்பதை முதல் நாளே செய்துவிடுங்கள். விபத்தை விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் வழக்கு எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் கதவு திறக்கிறது. தங்குவதற்கும் ஒரு வார்த்தை: மார்ச் மாதம் பிக் பெண்டில் கூட்டம் நிரம்பி வழியும் சமயம், ஆல்பைனில் எனக்கு அறை கிடைக்கவில்லை. அறுபத்தைந்து மைல் தள்ளி ஃபோர்ட் ஸ்டாக்டனில் தங்கித் தினம் போய் வந்தேன். பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொண்டேன்.

இறப்புச் சான்றிதழில்தான் நம் ஆட்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்று தூதரகத்தில் சொன்னார்கள், எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது. சான்றிதழில் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை ஃப்யூனரல் ஹோம் கணினியில் ஏற்றும், மரணக் காரணத்தை ஜே.பி. ஏற்றிக் கையொப்பமிடுவார். அம்மாவுடைய கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று ஒரு கேள்வி வரும். நம் அம்மாக்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் பெயர் இனிஷியலாக இருந்திருக்கும், அதை எழுதச் சொன்னேன். பையனுடைய பெயரிலோ, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருந்த அப்பா பெயரை முன்னால் போட்டு, அவன் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பதிவாவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்ததால் பிடித்துவிட்டேன். பதிவான பிறகு திருத்துவதென்றால் ஆஸ்டினில் மாநில அலுவலகத்துக்கு எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை எல்லாம் நின்றிருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். சான்றளித்த நகல்களை ஒரே தடவையில் நிறைய வாங்கிவிடுங்கள். மாநில அலுவலகத்தில் முதல் நகல் 20 டாலர், கூடவே வாங்கும் ஒவ்வொன்றும் 3 டாலர்தான். தூதரகம், வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம், ஊரில் தாலுகா அலுவலகம் என்று எல்லோரும் அசல் கேட்கிறார்கள்.

தூதரகத்தைப் பற்றி நான் பயந்த அளவுக்கு இல்லை. இப்படிப்பட்ட அவசரத்துக்கென்றே அவர்களுக்கு ஒரு நம்பர் இருக்கிறது, விடுமுறை நாளிலும் எடுத்தார்கள். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தொற்று நோய் இல்லை என்ற கடிதம், பெட்டிக்குள் உடலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஃப்யூனரல் ஹோம் கொடுக்கும் உறுதிமொழி, உடலை வெளியே கொண்டுபோகும் பெர்மிட், விமான விவரம், ஊரில் பெற்றுக்கொள்கிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை. இவ்வளவும் ஸ்கேன் செய்து அனுப்பிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் கடிதம் கிடைத்தது. இந்தியப் பக்கத்தில் விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்கு 2023-லிருந்து இ-கேர் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே அதில் காகிதங்களை ஏற்றி அனுமதி வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு ஃப்யூனரல் ஹோமே செய்துகொடுத்தது, ஆனாலும் அனுமதி வந்துவிட்டதா என்று நான் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சென்னையில் இறக்கி, மாமா ஆம்புலன்ஸ் வைத்து ஊருக்குக் கொண்டுபோனார்.

அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். கோர்ட்ஹவுஸ் வேலை அதன் பிறகும் இருந்தது. ஊரில் வாரிசுச் சான்றிதழுக்கும் எல்.ஐ.சி.க்கும் இறப்புச் சான்றிதழில் அபோஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு உறுதி செய்வது) வேண்டும் என்றார்கள். அது டெக்சஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் 15 டாலர். விபத்து அறிக்கையை டெக்சஸ் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம், 6 டாலர், சான்றளித்த நகல் 8 டாலர். அவன் வங்கிக் கணக்கில் இருந்த கொஞ்சப் பணத்தை எடுக்க வக்கீல் வைக்கச் சொன்னார்கள். ஆனால் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து 75,000 டாலருக்குள் என்றால் ஸ்மால் எஸ்டேட் அஃபிடவிட் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போதும். இறந்து முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும், வாரிசுகளின் கையெழுத்தும் சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகளும் வேண்டும். இதைத் தாக்கல் செய்வது விபத்து நடந்த கவுண்டியில் இல்லை, அவன் வாழ்ந்த கவுண்டியின் கிளார்க்கிடம். காரை ஓட்டிய பையனுடைய வாகனக் காப்பீட்டையும் பாருங்கள். டெக்சஸில் பி.ஐ.பி. என்ற பகுதியை வேண்டாம் என்று எழுத்தில் மறுக்காவிட்டால் அது பாலிசியில் இருந்தே தீரும். குறைந்தது 2,500 டாலர், யார் தப்பு என்று பார்க்காமல் காரில் இருந்த எல்லோருக்கும் உண்டு, இறுதிச் சடங்குச் செலவுக்கும் பொருந்தும். அந்தப் பையன் குற்ற உணர்ச்சியில் எங்களிடம் பேசவே பயந்துகொண்டிருந்தான். நான்தான் கூப்பிட்டு, உன்மேல் எங்களுக்குக் கோபமில்லை, பாலிசி நம்பரை மட்டும் அனுப்பு என்றேன்.

கடைசியாக, சித்தப்பா ஒன்று கேட்டார். அவன் வலி தெரிந்து இறந்தானா என்று. விசாரணைக் கோப்பு ஜே.பி.யிடம் இருக்கும், அதன் நகல் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்துக்கும் போகும். கடிதம் எழுதிக் கட்டணம் கட்டி வாங்கினேன். படித்துப் பார்த்து, உடனே உயிர் போயிருக்கிறது என்ற பகுதியைத் தமிழில் எழுதி அவருக்கு அனுப்பினேன். புகைப்படங்கள் வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருந்தேன். நீங்கள் வாங்கினாலும் அப்படியே கேளுங்கள்.